கீழ்க்கணக்கு எறும்புகள்

பெரட்டு கலைந்த பிறகு வருவேன்.
பிளாஸ்டிக் அட்டையில் ஒரு தேக்கரண்டி டின்மீன்.
அதைத் தேயிலைத் தூரில் வைத்துவிட்டுக்
குந்தி உட்கார்ந்து
நிமிடத்துக்கு எத்தனை என்று எண்ணுவது
என் வேலை.

மேல் நிரையில் கொழுந்தெடுக்கும் சிவபாக்கியம்
முதல் வாரம் கேட்டாள்:
"இதுக்குப் பேர் போடுவாங்களா மிஸ்?"
போடுவார்கள் என்றேன்.
"மழை பேஞ்சா?"
அரைப்பேர் என்றேன்.
அதற்குப் பிறகுதான் என்மேல் நம்பிக்கை வந்தது.

எறும்பு மஞ்சள். கால்கள் நீளம்.
நேராக ஓடத் தெரியாது.
புத்தகத்தில் அதற்கு இலத்தீனில் இரண்டு பெயர்;
மலையில் நிலைத்தது அவள் வைத்ததுதான்:
அவசரக்காரி.
செதில்பூச்சியின் முதுகைத் தட்டித் தட்டி
இனிப்பைக் கறந்து குடிக்கும்.
கவ்வாத்து வெட்டுகிறவர்களின் மணிக்கட்டில்
அமிலம் பீச்சும்.
அது ஏறிய மலையில்
கட்டெறும்பின் புற்று திறந்தபடி கிடக்கும்,
உள்ளே ஆள் இருக்காது.

படிவத்தில் ஒரு கட்டம்: வந்த ஆண்டு.
தெரியவில்லை என்று எழுதினேன்.
இன்னொரு கட்டம்: வந்த வழி.
அதை அப்படியே விட்டேன்.
"எங்கம்மாவையும் கச்சேரியில இதேதான் கேட்டாங்க"
என்றாள், கூடைக் கயிற்றை நெற்றிக்கு ஏற்றியபடி.
"வருசம் சொன்னாங்களாம். துறை பேரும் சொன்னாங்களாம்.
கடுதாசி இல்லையின்னுட்டாங்க."
மேலே விசில் அடித்தது. நிறுக்கப் போனாள்.
அந்த நிமிடத்தின் எறும்புகளை
நான் எண்ணவில்லை.

மாலையில் ஆய்வறை என்பது
ஹட்டனில் நான் தங்கும் அறையின் மேசை.
வெள்ளைத் தட்டில் இரண்டு எறும்பு, ஐந்து நிமிடம்.
கண்டுகொள்ளாவிட்டால் பூச்சியம்.
நின்று தடவிப் பார்த்தால் ஒன்று.
விலகினால் இரண்டு, கடித்தால் மூன்று,
கட்டிப் புரண்டு சாகும்வரை போனால் நான்கு.
மேற்கணக்கும் கீழ்க்கணக்கும்: பூச்சியம்.
நடுவில் இரண்டு மைல், ஒரு கோயில்,
ஒரு பழைய தேர்தல் சண்டை.
எறும்புக்கு அதெல்லாம் இல்லை.
ஆற்றுக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்து எறும்பு: நான்கு.
பத்துத் தடவை வைத்தேன், பத்தும் நான்கு.
கடைசித் தட்டில்
உடம்பில்லாத ஒரு தலை
கவ்விய காலை விடாமல் இருந்தது.

ஐப்பசி மழையில் மூன்று நாள் போகவில்லை.
நான்காம் நாள் காலை
சீனிப் போத்தலைச் சுற்றி ஒரு மஞ்சள் கோடு.
நேராகப் போகத் தெரியாத கோடு.
வீட்டுக்காரப் பிலோமினா அக்கா
இந்த ஊரில் இப்படி ஒரு எறும்பைப் பார்த்ததே இல்லை என்றார்,
மிளகாய்த்தூள் தூவிக்கொண்டே.
எங்கள் வரைபடத்திலும் ஹட்டனில் புள்ளி இல்லை.

ஒன்றைப் பிடித்தேன்.
கீழ்க்கணக்குக் குப்பியிலிருந்து இன்னொன்று.
தட்டில் விட்டு மணிக்கூட்டைப் பார்த்தேன்.
சண்டை பிடியுங்கள் என்று
எண்ணுகிறவள் நினைக்கக் கூடாது. நினைத்தேன்.
முதல் நிமிடம் விளிம்பைச் சுற்றின.
மூன்றில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கடந்தன,
லயத்துப் படியில் தெரிந்தவர்கள் கடப்பதுபோல.
நான்கில் ஒன்று வாயைத் திறந்தது.
மற்றது தன் வயிற்றிலிருந்து
ஒரு துளி எடுத்து ஊட்டியது.

பூச்சியம்.

திலினி மிஸ்ஸுக்கு போனில் சொன்னேன்.
கொஞ்ச நேரம் அவர் பக்கத்து மழை மட்டும் கேட்டது.
பிறகு, பையைக் கொதிநீரில் போடு என்றார்.
போட்டேன். அடித்தையலுக்குள்ளிருந்து
முட்டைகளைக் கவ்விக்கொண்டு வந்தன,
எல்லாமே அவசரமாக.

புதிய புள்ளிக்குப் புதிய படிவம்.
வந்த ஆண்டு: இது.
வந்த வழி: மாலை ஐந்தே கால் நோர்வூட் பஸ்,
இடது பக்கச் சீட், நீலத் துணிப்பை.

சிவபாக்கியத்திடம் சொன்னபோது
சிரிப்பாள் என்று பார்த்தேன்.
"அதுக்காவது கடுதாசி இருக்கே" என்று
கிள்ளிய கொழுந்தைத்
திரும்பிப் பார்க்காமல் பின்னால் போட்டாள்.